மாதச் சந்தாவும் வங்கிக் காசும்: வந்த காசு யாருடையது என்று எப்படிப் பிடிக்கிறீர்கள்?

கொக்குவில் கோடர் | திங்கள், இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் கொக்குவிலில் இருந்து, கடைகளில் பில் போடும் மென்பொருளை மாதச் சந்தாவில் கொடுக்கிறோம். பலசரக்குக் கடை, பார்மசி, புடவைக்கடை என்று பருத்தித்துறை தொடக்கம் சாவகச்சேரி வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மென்பொருளில் தலையிடி குறைவு. காசு சேர்ப்பதில்தான் ஒருவருடைய நேரம் முழுவதும் போகிறது.

ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி காலையில் இன்வொய்ஸ் தானாகவே மின்னஞ்சலுக்கும் வட்சப்புக்கும் போய்விடும். மாதம் 3,500 ரூபா. கார்டில் கட்டுபவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் எங்கள் வங்கிக் கணக்குக்குச் செயலியில் அனுப்புகிறார்கள், அல்லது வைப்பு இயந்திரத்தில் காசைப் போடுகிறார்கள். வங்கிக் கூற்றைத் திறந்தால் 3,500, 3,500, 3,500 என்று வரிசையாக நிற்கும். சில வரிகளில் பெயர் இருக்கும், ஆனால் அது கடையின் பெயர் அல்ல, முதலாளியின் மருமகனுடைய பெயர். சிலவற்றில் "பில்" என்று மட்டும் இருக்கும். இயந்திரத்தில் போட்ட காசென்றால் எந்தக் கிளை என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

காசு அனுப்பும்போது குறிப்பில் இன்வொய்ஸ் இலக்கத்தைப் போடுங்கள் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். பலர் போடுவதில்லை. போடுகிறவர்கள் போன மாத இலக்கத்தைப் போடுகிறார்கள். 7ஆம் திகதிக்குள் கட்டாத கடையின் கணக்கை மென்பொருள் தானாக நிறுத்திவிடும் என்பதால், காசு கட்டிய கடைகளும் இடைக்கிடை நின்றுவிடுகின்றன. சந்தாத் தொழில் செய்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தெல்லிப்பளை நெட் | திங்கள், இரவு 9.40

தம்பி, எல்லோரையும் கார்டுக்கு மாற்றிவிடுங்கோ. ஒன்லைனில் கார்டுக் காசு பெற்றுத்தரும் ஸ்ட்ரைப் இலங்கையில் பதிவான வணிகங்களுக்குக் கணக்குத் தருவதில்லை. ஆனால் பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண வாசல்களில் மாதாமாதம் கார்டிலிருந்து தானாக எடுக்கும் வசதி இருக்கிறது. வங்கிக் கூற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

கொக்குவில் கோடர் | திங்கள், இரவு 9.58

கேட்டுப் பார்த்தோம் அண்ணை. பல முதலாளிமாரிடம் இருப்பது டெபிட் கார்ட்தான், அதிலும் ஒன்லைன் கொடுப்பனவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். "என் கணக்கிலிருந்து நீங்களாக எடுப்பதா" என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அது அவர்களுடைய காசு, அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. விரும்புபவர்களுக்குக் கார்ட் வழி திறந்தே இருக்கிறது. வங்கி வழியாகக் கட்டுபவர்களுக்கு ஒழுங்கான முறை ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

நெல்லியடிக் கணக்கர் | திங்கள், இரவு 11.05

தம்பி, உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. நீங்கள் குறிப்பில் கேட்பது மாதாமாதம் மாறும் ஓர் இலக்கம். காசு அனுப்புகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கோ. முதல் மாதம் உங்கள் கணக்கிலக்கத்தையும் குறிப்பையும் செயலியில் சேமித்து வைக்கிறார். அடுத்த மாதம் அதே வரியைத் தொட்டு, தொகையை அடித்து, அனுப்பிவிடுகிறார். குறிப்புப் பெட்டியில் பழைய இலக்கம் அப்படியே கிடக்கும். மாதாமாதம் தானாகக் காசு அனுப்பச் சொல்லி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்தவருடைய நிலை இன்னும் இறுக்கமானது. ஒருமுறை கொடுத்த குறிப்புத்தான், அவர் கட்டளையையே மாற்றும்வரை மாதாமாதம் வரும். அவர்களிடம் புது இலக்கம் கேட்பது நடக்காத காரியம்.

அதனால் இன்வொய்ஸ் இலக்கத்தைக் கேட்பதை நிறுத்துங்கோ. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கட்டண இலக்கம் கொடுங்கோ. அது அந்தக் கடைக்கு என்றென்றைக்கும் ஒன்றுதான். அந்த இலக்கத்தோடு வரும் காசு அந்தக் கடையின் கணக்கில் போய் விழும். எந்த இன்வொய்ஸுக்கு என்பதை உங்கள் பக்கத்தில் தீர்த்துக்கொள்ளலாம்: மிகப் பழைய நிலுவைக்கு முதலில், மிச்சம் அடுத்ததற்கு, அதற்கும் மேலே இருந்தால் முற்பணம். வாடிக்கையாளர் "இது இந்த மாதத்துக்கு, போன மாதத்தது பிணக்கில் இருக்கிறது" என்று எழுத்தில் சொன்னால் மட்டும் கையால் மாற்றுங்கோ.

இலக்கம் வெறும் எண்களாக இருக்கட்டும். கோடு, சரிவுக்கோடு, எழுத்து எதுவும் வேண்டாம். சில வங்கிகளின் கூற்றில் கோடுகள் காணாமல் போய்விடும், நீளமான குறிப்பு பாதியில் வெட்டுப்படும். கடைசியில் இரண்டு சரிபார்ப்பு எண்கள் சேருங்கோ. உங்கள் வாடிக்கையாளர் எண் 1047 என்று வைத்துக்கொள்வோம். அதை 97 ஆல் வகுத்தால் மீதி 77. ஆகவே கட்டண இலக்கம் 104777. யாராவது இலக்கத்தை மாற்றி 140777 என்று அடித்தால், 1407ஐ 97 ஆல் வகுக்க மீதி 49 வரும், 77 வராது. மென்பொருள் உடனே "இது பிழை" என்று ஒதுக்கி வைக்கும். சரிபார்ப்பு எண் இல்லாவிட்டால் அந்தக் காசு 1407 என்ற வேறு கடையின் கணக்கில் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். யாருடையது என்று தெரியாத காசைவிட, பிழையான கணக்கில் ஏறிய காசுதான் கண்டுபிடிக்கக் கடினம். மீதி ஒற்றை எண்ணாக வந்தால் முன்னால் 0 போட்டு இரண்டாக்குங்கோ.

இன்னொன்று. சில வங்கிச் செயலிகளில் இரண்டு குறிப்புப் பெட்டிகள் இருக்கின்றன, ஒன்று அனுப்புகிறவருடைய சொந்தக் குறிப்பு, மற்றது பெறுகிறவருக்குப் போகும் குறிப்பு. பலர் முதல் பெட்டியில் மட்டும் எழுதுவார்கள். அது உங்களிடம் வந்து சேராது. இன்வொய்ஸில் "பெறுநருக்கான குறிப்பில் 104777" என்று அந்தப் பெட்டியைச் சொல்லியே எழுதுங்கோ. அதே இலக்கம் கடையின் பில் திரையிலும் ஒரு மூலையில் எப்போதும் தெரியட்டும். இயந்திரத்தில் காசு போடப் போகும் பொடியன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவான்.

ஆரியகுளம் | செவ்வாய், காலை 7.20

சதத்தில் வித்தியாசம் வைத்தால் என்ன? ஒரு கடைக்கு 3,500.11, அடுத்த கடைக்கு 3,500.12. தொகையைப் பார்த்தே ஆளைப் பிடிக்கலாம், குறிப்பே தேவையில்லை.

நெல்லியடிக் கணக்கர் | செவ்வாய், காலை 7.45

செயலியில் கட்டுபவர்களிடம் ஓரளவு வேலை செய்யும். இயந்திரம் தாள் காசு மட்டும்தான் எடுக்கும், சதம் போட முடியாது. மனிதர்களும் முழுத் தொகையாக்கி அனுப்புவார்கள். இரண்டு மாதத்தைச் சேர்த்து அனுப்பினால் 7,000.22 வரும், 3,500.10, 3,500.12 என்ற இரண்டு கடைகளுக்கு ஒருவர் சேர்த்து அனுப்பினாலும் அதே தொகைதான் வரும். இன்வொய்ஸ் தொகை என்பது வரிக்கும் கணக்குக்கும் ஆதாரமான எண். அதை அடையாளக் குறியாகப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

கஸ்தூரியார் வீதி | செவ்வாய், மதியம் 1.10

நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். கடை நடத்துகிறேன், இப்படியான சந்தாக்கள் சில கட்டுகிறேன். வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் நல்லூர்த் திருவிழா நேரம், கடை நிறையச் சனம் நிற்கும்போது நின்றுபோனது. காசு கட்டி, சிலிப்பையும் வட்சப்பில் அனுப்பியிருந்தேன். அவர்கள் போனை எடுத்து "எங்கள் பக்கம் காட்டவில்லை, இன்னொருக்கா அனுப்புங்கோ" என்றார்கள். கொப்பியில் எழுதிப் பில் போட்டுச் சமாளித்தோம். அன்று விற்றதைப் பிறகு கணக்கில் ஏற்ற இரவு இருந்து வேலை செய்தோம்.

நான் கேட்பது இதுதான். காசு போட்டால், கிடைத்தது என்று ஒரு செய்தி வரவேண்டும். அது அன்றைக்கே வரவேண்டும். அது வந்தால் நான் சிலிப் அனுப்பவும் தேவையில்லை, நீங்கள் என்னைத் தேடவும் தேவையில்லை. அப்புறம், ஆயிரக்கணக்கில் வியாபாரம் ஓடும் இயந்திரத்தை ஒரு சின்ன நிலுவைக்காகப் பட்டப்பகலில் நிறுத்துவது சரியில்லை.

கொக்குவில் கோடர் | செவ்வாய், மாலை 5.32

அண்ணை, நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கிடைத்தது என்ற செய்தி, கட்டண இலக்கம் சரியாக வந்தால் உடனே தானாகப் போகும்படி செய்யலாம்.

சிலிப் பற்றி எனக்கு ஒரு குழப்பம். ஸ்க்ரீன்ஷொட் அனுப்பியவுடன் கணக்கைத் திறந்துவிடலாமா, அல்லது வங்கிக் கூற்றில் காணும்வரை பொறுப்பதா?

நெல்லியடிக் கணக்கர் | செவ்வாய், மாலை 6.20

இரண்டையும் பிரித்துப் பாருங்கோ. சேவையைத் திறப்பது ஒன்று, வரவு பதிவது இன்னொன்று. ஸ்க்ரீன்ஷொட் வந்தால் சேவையைத் தாராளமாகத் திறந்துவிடுங்கோ. ஆனால் பற்றுச்சீட்டு வங்கிக் கூற்றில் காசு தெரிந்த பிறகு மட்டும்தான். படத்தைத் திருத்துவது இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் முடிந்த வேலை. அதைவிட, உண்மையான படமும் காசு வந்ததற்குச் சாட்சி அல்ல, ஏனென்றால் எந்த வழியில் அனுப்பினார் என்பது முக்கியம்.

வங்கிக்கு வங்கி காசு அனுப்ப 2015 இல் வந்த செஃப்ட்ஸ் முறை வழியாக அனுப்பினால் காசு உடனே வந்துவிடும், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளானாலும் ஞாயிறானாலும். நிலையான கட்டளைகளும் கம்பனிகள் மொத்தமாக அனுப்பும் கொடுப்பனவுகளும் பெரும்பாலும் ஸ்லிப்ஸ் என்ற பழைய முறை வழியாக வரும், அது வங்கி வேலைநாட்களில் தொகுதி தொகுதியாகத்தான் தீர்க்கப்படும். 5ஆம் திகதிக்கு வைத்த கட்டளை, அன்று சனிக்கிழமையானால் திங்கள் வரும், திங்கள் போயாவென்றால் செவ்வாய். காசோலை போட்டிருந்தால் உங்கள் மீதியில் தொகை தெரியும், ஆனால் அது தீர்வதற்கு அடுத்த வேலைநாள் வேண்டும், திரும்பியும் வரலாம். இந்த மூன்றையும் ஒரே கெடுவுக்குள் அடைக்க முடியாது. சித்திரை வருடப்பிறப்பு வாரத்தில் 7ஆம் திகதி, 10ஆம் திகதி என்று கடும்பிடி பிடித்தால் நல்ல வாடிக்கையாளர்தான் முதலில் அகப்படுவார்.

இப்போது நிறுத்தும் விஷயம். யாருடையது என்று தெரியாத காசுக்குத் தொங்கற் கணக்கு ஒன்று வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் இன்றே திறவுங்கோ. பிறகு மென்பொருளில் ஒரு விதி எழுதுங்கோ: தொங்கற் கணக்கில் 3,500 ரூபா கிடக்கும்வரை, 3,500 நிலுவையில் இருக்கும் எந்தக் கடையையும் நிறுத்தக் கூடாது. அந்தக் காசு அவருடையதாக இருக்கலாம் அல்லவா? உங்கள் கையில் காசு இருக்கும்போது, கட்டவில்லை என்று ஒருவரைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகை என்பதால், தொங்கல் தீரும்வரை உங்களால் எவரையும் நிறுத்த முடியாமல் போகும். தொங்கலைத் தினமும் தீர்க்க வேண்டிய கட்டாயம் வாடிக்கையாளரிடமிருந்து உங்களிடம் மாறும். அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

கஸ்தூரியார் வீதி | செவ்வாய், மாலை 6.41

கணக்கர் ஐயா, இந்த விதியை எல்லா நிறுவனங்களும் வைக்க வேண்டும்.

சங்கீத ரீச்சர் | செவ்வாய், இரவு 8.30

எனக்கும் இதே கஷ்டம் வேறு வடிவத்தில் இருக்கிறது. இணுவிலில் இருந்து ஒன்லைனில் வாய்ப்பாட்டும் வயலினும் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள், சுவிஸ், லண்டன், கனடாவிலும் இருக்கிறார்கள். நான் பில் போடுவது பிள்ளையின் பெயருக்கு. காசு வருவது அப்பாவின் பெயரில். எங்கள் வழக்கப்படி பிள்ளைக்கு முன்னால் அப்பாவின் பெயர் வரும். அங்கே போனவர்களுக்கோ குடும்பப் பெயர் என்று பதிவாகியிருப்பது தாத்தாவின் பெயர். வங்கியில் வரும் பெயரும் என் வரவேட்டில் இருக்கும் பெயரும் சொந்தக்காரர்களுடைய பெயர்கள் போலவே தெரியாது. பணம் அனுப்பும் செயலிகளில் அனுப்பினால் அந்த நிறுவனத்தின் பெயர்தான் கூற்றில் வருகிறது, குறிப்பு வருவதே இல்லை.

அதோடு, 100 பிராங்க் அனுப்பினேன் என்கிறார்கள், எனக்கு அதைவிடக் குறைவாக வருகிறது. மிச்சத்தைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒஸ்லோவில் இருந்து | செவ்வாய், இரவு 10.15

ரீச்சர், நான் நோர்வேயில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே இன்வொய்ஸில் கிட் இலக்கம் என்று ஒன்று இருக்கும். கணக்கர் ஐயா சொன்ன மாதிரி அதிலும் சரிபார்ப்பு எண் உண்டு. பிழையாக அடித்தால் காசு அனுப்பும் இடத்திலேயே வங்கி மறித்துவிடும். சுவிஸில் பழைய செம்மஞ்சள் கட்டணத் தாள்கள் 2022 செப்டம்பர் 30 உடன் செல்லாமல் போய்விட்டன. இப்போது இன்வொய்ஸின் கீழ்ப்பகுதியில் கியூஆர் இருக்கும், அதில் 27 இலக்கக் குறிப்பு. போனை நீட்டினால் தொகை, கணக்கு, குறிப்பு எல்லாம் தானாக நிரம்பும்.

அங்கே ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் புது இலக்கம் கொடுக்கலாம், ஏனென்றால் மனிதன் அதை அடிப்பதில்லை. இலங்கையில் மனிதன் கையால் அடிக்கிறான். ஆகவே மாறாத இலக்கம்தான் சரி என்று நானும் சொல்வேன். உங்கள் மாணவர்களின் பெற்றோர் இந்த இலக்கங்களோடு பழகியவர்கள். ஒரு இலக்கம் கொடுத்துக் குறிப்பில் போடச் சொன்னால் தயங்காமல் போடுவார்கள்.

நெல்லியடிக் கணக்கர் | புதன், காலை 6.50

ரீச்சர், பிள்ளைக்குப் பில் போடுவதை விடுங்கோ, குடும்பத்துக்குப் போடுங்கோ. கட்டுகிறவர் யாரோ அவர்தான் உங்கள் கணக்கில் வாடிக்கையாளர். அவருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் படித்தால் இன்வொய்ஸில் இரண்டு வரிகள். பதியும்போதே "காசு எந்தப் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வரும்" என்று கேட்டு அதை அப்படியே எழுதி வையுங்கோ. அம்மாவின் கணக்காக இருக்கலாம், மாமாவின் கணக்காகவும் இருக்கலாம். குறிப்பு வராத செயலி வழியாக அனுப்புபவர்களிடம், அனுப்பியதும் செயலி காட்டும் பரிவர்த்தனை இலக்கத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ. தொகையையும் நாளையும் அதோடு சேர்த்துப் பார்த்தால் போதும்.

குறைந்து வரும் காசு பற்றி. வெளிநாட்டு வங்கியில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு தெரிவு இருக்கும். பகிர்ந்து ஏற்பது என்று வைத்தால் இடையில் நிற்கும் வங்கிகள் தங்கள் பங்கை வெட்டிக்கொண்டுதான் அனுப்பும். அனுப்புபவரே முழுவதையும் ஏற்பது என்று தெரிவு செய்தால் பெரும்பாலும் முழுத்தொகை வரும், அவருக்குச் செலவு கூடும். இதில் கூச்சம் தேவையில்லை ரீச்சர். இன்வொய்ஸில் ஒரு வரி போடுங்கோ, "வங்கிக் கட்டணம் அனுப்புபவருடையது" என்றோ, "குறையும் கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம்" என்றோ. நீங்கள் ஏற்பதென்றால் பிள்ளையின் கணக்கில் முழு 100 பிராங்கையும் வரவு வையுங்கோ, வித்தியாசத்தை உங்கள் வங்கிச் செலவில் எழுதுங்கோ. அப்படி எழுதாவிட்டால் அந்தச் சின்ன மிச்சம் தவணைக்குத் தவணை சேர்ந்து, கட்டிய குடும்பம் கடன்பட்ட குடும்பமாகத் தெரியும். மாதாமாதம் வாங்காமல் தவணைக்கு ஒருமுறை வாங்கினால் கட்டணமும் ஒருமுறைதான்.

வங்கி தரும் உள்வரவு அறிவித்தலை எறியாதீர்கள். வெளிநாட்டுக்கு வழங்கும் சேவையின் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வருமான வரி உண்டு, அதன் உச்ச வீதம் 15%. காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்தது என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். பணம் அனுப்பும் செயலி ரூபாவாக்கிப் போட்டதென்றால் எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் வரி ஆலோசகரிடம் நேரில் கேளுங்கோ, ஆளுக்கு ஆள் நிலைமை வேறுபடும்.

இங்கே உள்ள பிள்ளைகளுக்கு இன்வொய்ஸை 1ஆம் திகதி அனுப்புகிறீர்களா? அரச உத்தியோகத்தருக்குச் சம்பளம் 25ஆம் திகதியளவில் வருகிறது. 20ஆம் திகதி அனுப்பிப் பாருங்கோ. 1ஆம் திகதி வரும் பில்லுக்கு முன்னால் கடைக் கடனும் மின்சாரமும் சீட்டுக்காசும் போய்விடும்.

சங்கீத ரீச்சர் | புதன், காலை 7.30

பெரிய உதவி ஐயா. குடும்பத்துக்குப் பில் போடுவது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 20ஆம் திகதியும் நல்ல யோசனை, என் மாணவர்களில் பாதிப்பேரின் பெற்றோர் ஆசிரியர்கள்.

வலைத்தம்பி | புதன், இரவு 9.05

மென்பொருள் பக்கம் இரண்டு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இணையக் கடை மென்பொருளான வூகொமர்ஸிலேயே சந்தாவை ஓட்டுகிறார்கள்.

அதன் சந்தா நீட்சியில் வங்கி வழிக் கொடுப்பனவு கைமுறைப் புதுப்பிப்பாகத்தான் இயங்கும். நாள் வந்ததும் புது ஓடர் ஒன்று உருவாகும், வாடிக்கையாளருக்கு இன்வொய்ஸ் போகும், அதே கணத்தில் சந்தா நிறுத்திவைப்பு நிலைக்குப் போய்விடும். காசு வந்தது என்று நீங்கள் ஓடரின் நிலையை மாற்றும்வரை அங்கேயே கிடக்கும். கார்டுக்கு இது பொருந்தும், காசு நொடியில் வருவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வங்கியில் கட்டுகிறவருக்கு, இன்வொய்ஸைக் காணுமுன்னரே சேவை நின்றுவிடும். சந்தாவின் நிலையையும் சேவை கிடைப்பதையும் நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். "எந்த நாள்வரை பயன்படுத்தலாம்" என்று தனியாக ஒரு திகதி வைத்து, சேவை அதை மட்டும் பார்க்கட்டும். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிகக் கணக்கு மென்பொருளில் சந்தா அமைப்பிலேயே சலுகை நாட்களைக் கொடுக்க முடியும். திறந்த மூலம், வங்கிக் கூற்றை உள்ளே ஏற்றி ஒப்பிடும் வசதியும் இருக்கிறது.

மற்றது மாதக் கடைசி. ஜனவரி 31ஆம் திகதி சேர்ந்த ஒருவருக்கு அடுத்த இன்வொய்ஸ் பெப்ரவரி 28. அதற்கடுத்தது? கடைசித் திகதியோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், பிறகு ஆயுள் முழுக்க 28தான். சேர்ந்த நாளைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எண்ணினால் மார்ச் 31 சரியாக வரும். எல்லோருக்கும் 1ஆம் திகதிதான் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் இடையில் சேர்ந்தவருக்கு முதல் மாதத்தை நாட்கணக்கில் பிரித்துப் போட வேண்டும்.

நெல்லியடிக் கணக்கர் | புதன், இரவு 10.00

தம்பி சொன்னதோடு வரியையும் சேருங்கோ. வற் வரி 2024 ஜனவரி 1இல் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. தானாக ஓடும் இன்வொய்ஸ் வார்ப்புருவில் 15 என்று எழுதியிருந்தால் அது 15 என்றே போட்டுக்கொண்டிருக்கும், எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வரி வீதத்தை வார்ப்புருவில் எழுதாமல், எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு என்று தனி அட்டவணையில் வையுங்கோ. விலையேற்றத்துக்கும் அதே வழிதான். நிலையான கட்டளை கொடுத்தவர்களுக்கு விலை கூடும்போது ஒரு மாதம் முன்னதாகத் தனியாக அறிவியுங்கோ, அவர்கள் கட்டளையில் தொகையை மாற்ற வேண்டும்.

பிழையாகப் போன இன்வொய்ஸை அழிக்காதீர்கள். அதற்கு எதிராக ஒரு கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டு, புது இன்வொய்ஸ் கொடுங்கோ. இலக்கவரிசையில் ஓட்டை விழுந்தால் பிறகு எந்தக் கணக்காய்வாளருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. வருடச் சந்தா கட்டுபவரின் காசை வந்த அன்றே வருமானமாக எழுதுவதும் பிழை. பன்னிரண்டில் ஒரு பங்கு மாதாமாதம் வருமானம், மிச்சம் முற்பணமாகப் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆறாம் மாதம் அவர் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை கணக்கிலேயே தெரியும்.

தெல்லிப்பளை நெட் | புதன், இரவு 10.22

கார்டுதான் வழி என்று வந்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு கேள்வி, கடைகளில் போனால் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் லங்காகியூஆர் இதற்குப் பயன்படாதா?

வலைத்தம்பி | புதன், இரவு 10.40

பயன்படும் அண்ணை. கடை மேசையில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட கியூஆரில் கடையின் விபரம் மட்டும் இருக்கும். தொகையும் பில் இலக்கமும் உள்ளே வைத்த கியூஆரை ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் தனியாக உருவாக்க அந்தத் தரத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வங்கி அந்த வசதியையும், கிடைத்த காசின் விபரத்தை மென்பொருளுக்கு அனுப்பும் வழியையும் தருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வணிகரிடம் சிறு தரகு எடுப்பார்கள். கிடைத்தால் ஒஸ்லோ அண்ணா சொன்ன சுவிஸ் முறைக்கு மிகக் கிட்ட வந்துவிடலாம். அதுவரை கணக்கர் ஐயாவின் ஆறு இலக்கம்தான்.

கொக்குவில் கோடர் | வியாழன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் இருந்து எழுதிவிட்டோம். ஒவ்வொரு கடைக்கும் கட்டண இலக்கம், சரிபார்ப்பு எண்ணோடு. இன்வொய்ஸ் 24ஆம் திகதியே போகும், கெடு அடுத்த மாதம் 10. அதற்குப் பிறகும் பில் போடுவது நிற்காது, அறிக்கைகள் பார்ப்பதும் புதுப் பொருள் சேர்ப்பதும் மட்டும் பூட்டப்படும். முழுதாக நிறுத்துவது என்றால் எங்களில் ஒருவர் கடைக்குப் போன் எடுத்துப் பேசிய பிறகுதான். தொங்கற் கணக்கு விதியையும் போட்டாயிற்று. அது ஓடத் தொடங்கியதும், நிறுத்தப் பட்டியலில் இருந்த அத்தனை கடைகளும் பட்டியலிலிருந்து போய்விட்டன. நாளை காலை தொங்கலில் கிடக்கும் ஒவ்வொரு காசுக்கும் உரியவரைத் தேடுவதுதான் முதல் வேலை.

கஸ்தூரியார் வீதி | வியாழன், இரவு 8.50

தம்பி, இப்படி நடத்துவதென்றால் நானும் உங்களிடம் வருகிறேன். எனக்குச் சுன்னாகத்திலும் ஒரு கிளை இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறையில் 7,000 அனுப்புவேன், இரண்டு தடவை அனுப்பினால் செஃப்ட்ஸ் கட்டணமும் இரண்டு தடவை. அதற்கு எந்த இலக்கம் போடுவது?

நெல்லியடிக் கணக்கர் | வியாழன், இரவு 9.10

ரீச்சருக்குச் சொன்ன அதே வழிதான். கட்டுகிறவர் நீங்கள் ஒருவர், ஆகவே கட்டண இலக்கமும் ஒன்று. இன்வொய்ஸ் ஒன்றில் இரண்டு வரிகள், கஸ்தூரியார் வீதிக்கு ஒன்று, சுன்னாகத்துக்கு ஒன்று. தம்பி, இரண்டு கிளைகளின் சேவைத் திகதியும் அந்த ஒரே கணக்கைப் பார்க்கும்படி வையுங்கோ. நாளைக்கு அண்ணை சுன்னாகக் கிளையைத் தன் மகனுக்குக் கொடுத்தால், அன்றைக்குப் புது வாடிக்கையாளர், புது இலக்கம். பழைய நிலுவையை மகனுடைய கணக்குக்கு மாற்றாதீர்கள், அது அண்ணையின் கணக்கிலேயே இருந்து தீரட்டும்.